கப்பல் நடுக்கடலில், சட்டம் கரையில்

2022 ஆகஸ்ட் 23ஆம் திகதி. நாட்டின் கையில் டொலர் இல்லாத காலம். சொக்லேட், வாசனைத் திரவியம், ஷாம்பு என்று சுமார் 300 வகைப் பொருட்களின் இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தி விசேட வர்த்தமானி ஒன்று வந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து கொழும்புத் துறைமுக வாசலுக்கு நடந்தே போய்விடலாம். சுங்க வேலையை நம்பிப் பிழைக்கும் வார்ஃப் கிளார்க்குகளும் கிளியரிங் ஏஜென்டுகளும் நடமாடும் வட்டாரம் அது. இனி எதை இறக்க முடியாது என்பதைப் பட்டியலே சொல்லிவிட்டது. அவர்களைக் குடைந்த கேள்வி வேறு. ஏற்கெனவே கப்பலில் ஏறி, நடுக்கடலில் வந்துகொண்டிருக்கும் பெட்டிகளின் கதி என்ன?

அதற்கும் அரசு விடை வைத்திருந்தது. ஆகஸ்ட் 23க்குள் ஏற்றப்பட்டு, செப்டெம்பர் 14க்குள் வந்துசேரும் சரக்கை விடுவிக்கலாம் என்றது. புதிதாகத் தொடங்குவதற்குக் கதவை மூடு, வழியில் இருப்பதை முடியவிடு, ஆனால் அதற்கும் ஒரு கெடு வை. இவ்வளவுதான் ஏற்பாடு.

அலுவலக வேலைகளைத் தானாக நடத்தும் மென்பொருள்களை எழுதுகிறவர்கள் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டிவரும் சிக்கலும் இதேதான். அந்தச் சிக்கலுக்கு உலகம் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று, கொட்டாஞ்சேனையிலிருந்து சில கிலோமீற்றர் தள்ளி, இதே கொழும்பில் உருவானது.

விண்ணப்பம் ஒன்று மேசை மேசையாக நகர்வதைப் பார்க்காத கொழும்புவாசி இருக்க மாட்டார். முதல் மேசையில் முத்திரை, இரண்டாவது மேசையில் கையெழுத்து, மூன்றாவது மேசைக்காரர் லீவு. இந்த நகர்வைக் கணினியிடம் ஒப்படைப்பதுதான் 'வேர்க்ஃப்ளோ' மென்பொருள். வாகன வருமான அனுமதிப்பத்திரத்தை ஒன்லைனில் புதுப்பித்தவர்களுக்கு இதன் ருசி தெரியும். வண்டியின் புகைச் சான்றிதழ் செல்லுமா என்று ஓரிடத்தில் விசாரிக்க வேண்டும். காப்புறுதி உயிரோடு இருக்கிறதா என்று இன்னோரிடத்தில் கேட்க வேண்டும். பிறகு கட்டணம், பிறகு பத்திரம். ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறுவனத்தின் கணினி. யாரை முதலில் கேட்பது, ஒருவர் பதில் சொல்லாவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, காசு வாங்கிய பிறகு கோளாறு வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் முன்கூட்டியே யாராவது எழுதிவைத்திருக்க வேண்டும்.

அப்படி எழுதிவைத்த ஒழுங்கு ஒன்று. அதன்படி நடக்கும் ஒவ்வொரு காரியமும் வேறொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வெள்ளவத்தை வரை வந்தால் போதும். காலி வீதி ஓரமாக நின்றால் பாணந்துறையிலிருந்து வரும் 100ஆம் இலக்க பஸ்ஸும் மொறட்டுவையிலிருந்து வரும் 101ஆம் இலக்க பஸ்ஸும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு புறக்கோட்டைக்குப் போவதைப் பார்க்கலாம். 100 என்பது ஒரு தடம். அந்தத் தடத்தில் ஒரு நாளில் எத்தனையோ ஓட்டங்கள். ஒரு பஸ் பழுதானால் அந்த ஓட்டம் நிற்கும், தடம் நிற்காது. தடத்தையே மாற்றினாலோ, பாதி வழியில் இருக்கும் அத்தனை பஸ்களுக்கும் என்ன சொல்வது என்ற கேள்வி வரும். கணினிக்காரர்கள் தடத்தை 'புரொசஸ்' என்றும் ஓட்டத்தை 'இன்ஸ்டன்ஸ்' என்றும் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரைக்குத் தடமும் ஓட்டமும் போதும்.

இந்தத் தடங்களை எழுதுவதற்கென்றே 2002இல் ஒரு மொழி வந்தது. பெயர் பிபெல். அதற்கு முன் ஐபிஎம் தன் வழியில் ஒரு மொழியும் மைக்ரோசொஃப்ட் தன் வழியில் இன்னொன்றும் வைத்திருந்தன. இரண்டையும் கலந்து, பீஇஏ நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டு இதை வெளியிட்டார்கள். முதல் பதிப்பின் ஆசிரியர்கள் ஏழு பேர். அவர்களில் ஒருவர் சஞ்சீவ வீரவரண. அப்போது ஐபிஎம் ஆய்வுப் பிரிவில் இருந்த இலங்கையர். 2003இல் கொழும்பில் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு 'சஹானா' என்ற அனர்த்த நிவாரண மென்பொருளை வளர்த்த அதே அமைப்பு. 2005இல் அவரும் பால் ஃப்ரீமேன்டிலும் இன்னும் சிலரும் சேர்ந்து டபிள்யூஎஸ்ஓ2 என்ற கொம்பனியை ஆரம்பித்தார்கள். டபிள்யூஎஸ் என்றால் வெப் சேர்விசஸ், ஓ2 என்றால் ஒட்சிசன். கொள்ளுப்பிட்டி பாம் குரோவில் அலுவலகம், மூலநிரலை யாரும் பார்க்கலாம் என்ற கொள்கை, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இளைஞர் பட்டாளம். 2024இல் சுவீடனின் ஈக்யூடி முதலீட்டு நிறுவனம் 60 கோடி டொலருக்கு மேல் மதிப்பிட்டு அதை வாங்க முன்வந்தபோதுதான் பல கொழும்புக்காரர்களுக்கு இப்படியொன்று தங்கள் ஊரில் இருப்பது தெரியவந்தது.

அந்தக் கொம்பனியின் சரக்குகளில் ஒன்று பிஸ்னஸ் புரொசஸ் சேர்வர். பிபெலில் எழுதிய தடங்களை ஓட்டுகிற பெட்டி. அதன் வயிற்றுக்குள் இருந்த இயந்திரம் அப்பாச்சி ஓடிஈ. உலகெங்குமுள்ள பலர் சேர்ந்து எழுதிய இலவச மென்பொருள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் சுவாரசியமானது தடம் எழுதுவதல்ல, எழுதிய தடத்தை ஆயுள் முழுவதும் பராமரிக்கும் வேலைதான். அதைச் செய்பவரை 'அட்மின்' என்பார்கள். அவர் முன்னால் ஒரு திரை. அதில் தடங்களின் பட்டியல். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பதிப்பு எண், ஒரு நிலை. ஒரு தடத்தைத் திறந்தால் அதில் எத்தனை ஓட்டங்கள் நடக்கின்றன, எத்தனை முடிந்தன, எத்தனை இடையில் விழுந்துகிடக்கின்றன என்ற கணக்கு.

அந்த நிலைகளின் பெயர்களைக் கவனிப்பது நல்லது. தடம் ஒன்று இயங்கலாம், அல்லது 'ஓய்வு' பெறலாம். ஓய்வு பெற்ற தடம் இறந்துவிடவில்லை. அதில் புது ஓட்டம் எதுவும் புறப்படாது. ஏற்கெனவே புறப்பட்டவை இறுதிவரை அதே பழைய ஒழுங்கின்படி போய்ச்சேரும். அட்மின் திருத்திய தடத்தைப் புதிதாக ஏற்றியதும் இயந்திரம் அதற்கு அடுத்த எண்ணைக் கொடுத்து, முந்தியதைத் தானே ஓய்வில் அனுப்பிவிடுகிறது. ஆகஸ்ட் 23 வர்த்தமானி செய்த வேலைதான்.

ஓட்டங்களுக்கு இன்னும் நிறைய நிலைகள் உண்டு. நடக்கலாம், முடியலாம், தவறி விழலாம், இடைநிறுத்தப்படலாம், ஒரேயடியாக முறிக்கப்படலாம். இடைநிறுத்தியதை விட்ட இடத்திலிருந்து எழுப்பலாம். முறித்ததை எழுப்ப முடியாது. இந்த வேறுபாட்டை இலங்கைக்காரர்கள் எரிபொருள் வரிசையில் நின்றே படித்தவர்கள். 2022 ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதி வந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கியூஆர் குறி, கிழமைக்கு இவ்வளவு லீற்றர் என்று ஒரு பங்கு. ஆகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து நாடு முழுக்க அதுவே நடைமுறை. பங்கின் அளவு இடையில் மாறியது; மாறும்போதெல்லாம் எல்லோருடைய கைபேசியிலும் அதே குறிதான் இருந்தது, பின்னால் இருந்த கணக்குத்தான் மாறியது. 2023 செப்டெம்பர் முதலாம் திகதி அந்தப் பங்கு முறை 'இடைநிறுத்தப்படுவதாக' அமைச்சர் அறிவித்தார். அவர் தேர்ந்த சொல் அது. ஒழித்தோம் என்று சொல்லியிருந்தால் வேறு பொருள்.

இதையெல்லாம் விட அட்மினைப் படுத்துவது வரிவீதம். பெறுமதிசேர் வரி 2022 மே வரை 8 சதவீதம். ஜூன் முதலாம் திகதி 12 ஆனது. செப்டெம்பர் முதலாம் திகதி 15. 2024 ஜனவரி முதலாம் திகதி 18; கூடவே வரிவிலக்குப் பட்டியலும் சுருங்கியது. 19 மாதங்களில் மூன்று மாற்றம். வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடை இருக்கிறது, அதன் ஓடர்களை வேர்க்ஃப்ளோ மென்பொருள் ஒன்று பார்த்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் 28ஆம் திகதி ஒரு கல்யாண வீட்டார் வந்து முப்பது புடவைக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஓட்டம் தொடங்கிவிட்டது. முற்பணம் டிசம்பரில், மீதியும் புடவைகளும் ஜனவரியில். ஆண்டு பிறக்கும் நள்ளிரவில் புதுத் தடம் ஏறுகிறது. பழையது ஓய்வில் போகிறது. கல்யாண வீட்டு ஓடர் பழைய தடத்திலேயே நகர்ந்து, ஜனவரி பத்தாம் திகதி சாவகாசமாக 15 சதவீதத்தில் பில் போட்டுத் தரும். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் அதை ஏற்குமா என்பது ஓடர் கொடுத்த நாளைப் பார்த்துத் தீர்வதில்லை. வழங்கல் எப்போது நடந்ததாகச் சட்டம் கருதுகிறது என்பதைப் பார்த்துத் தீர்வது.

அப்படியானால் பழைய ஓட்டங்களைப் பிடித்துப் புதுத் தடத்தில் தூக்கிவைத்தால் என்ன? செய்யலாம். பெர்லினில் உருவான கமுண்டா போன்ற பிற்கால மென்பொருள்களில் அதற்கென்றே வசதி உண்டு. ஓடும் பஸ்ஸைத் தூக்கி வேறு வீதியில் வைப்பது போன்ற வேலை அது. பழைய தடத்தில் நான்காவது தரிப்பில் நின்ற ஓட்டத்துக்குப் புதுத் தடத்தில் எந்தத் தரிப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். புதிதாக நுழைத்த தரிப்பு அதற்கு முன்னால் இருந்தால், அந்தச் சோதனை நடக்காமலே இந்த ஓட்டம் கடந்துவிடும். அனுபவசாலிகள் செய்வது இன்னும் எளிது: அடிக்கடி மாறக்கூடியதைத் தடத்துக்குள் எழுதுவதே இல்லை. வரிவீதம் வெளியே ஓர் அட்டவணையில், எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை என்ற குறிப்போடு இருக்கும். பில் போடும் நேரத்தில் தடம் அதைப் போய்ப் பார்த்துக்கொள்ளும். 15ஐத் தடத்துக்குள்ளேயே பொறித்துவிட்டவர்கள் 2023 டிசம்பர் 31ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, புத்தாண்டு வெடிச்சத்தத்துக்கு நடுவே கணினி முன்னால் உட்கார வேண்டியதுதான்.

நாட்கணக்கும் சும்மா விடுவதில்லை. 'மூன்று நாளில் பதில் வராவிட்டால் மேலதிகாரிக்கு அனுப்பு' என்று ஒரு தடத்தில் எழுதியிருக்கலாம். பிபெலுக்கு மூன்று நாள் என்றால் 72 மணி நேரம், அவ்வளவுதான். இலங்கையில் பௌர்ணமி தோறும் போயா விடுமுறை என்பதோ, வெசாக் வந்தால் மறுநாளும் விடுமுறை என்பதோ, இடையில் சனி ஞாயிறு விழுந்தால் ஒரு மனிதரும் அந்தக் கோவையைத் தொட்டிருக்க மாட்டார் என்பதோ அந்த மொழிக்குத் தெரியாது. நாட்காட்டியை யாராவது ஊட்டவேண்டும். கடிகாரமாவது நிலையாக நின்றதா என்றால் அதுவும் இல்லை: 2006 ஏப்ரலில் இலங்கை தன் நேரத்தை அரை மணி பின்னுக்கு நகர்த்தியது. உள்ளூர் நேரத்தை நம்பி எழுதிய கணக்கு எதுவும் அன்று அரை மணி பிசகியிருக்கும்.

இத்தனை நாள் காத்திருக்கும் ஓட்டங்கள் கணினியின் நினைவில் எப்படி இருக்கும் என்று கேட்கலாம். இருக்காது. மாதக்கணக்கில் காத்திருக்கும் ஆயிரம் ஓட்டங்களைச் சுமந்தால் எந்த சேர்வரும் மூச்சுத் திணறிப்போகும். அதனால் ஓர் ஓட்டம் காத்திருக்கத் தொடங்கியதும் அது எந்த இடத்தில் நிற்கிறது, கையில் என்னென்ன விவரம் வைத்திருக்கிறது என்பதையெல்லாம் தரவுத்தளத்தில் எழுதிவிட்டு நினைவிலிருந்து இறக்கிவிடுவார்கள். பதில் வந்ததும் மறுபடி தூக்கி எழுப்புவார்கள். இந்தத் துறையினர் இதற்கு வைத்திருக்கும் பெயர் நீர் நீக்குதல். கருவாடு போடுவது என்று சொன்னால் புறக்கோட்டைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். மின்சாரம் போனாலும் கருவாட்டுக்கு ஒன்றும் ஆகாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த கொழும்பில் இது புத்தகத்தில் படிக்கும் சங்கதி அல்ல. சேர்வர் மீண்டும் எழுந்ததும் ஓட்டங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஏற்கெனவே காசு எடுத்த ஒருவரிடம் மறுபடியும் எடுக்கக் கூடாது.

எழுந்த பிறகும் சில ஓட்டங்கள் விழுந்தே கிடக்கும். கூப்பிட்ட வங்கிக் கணினி பதில் சொல்லவில்லை என்றால் ஓடிஈ சொல்லிக்கொடுத்த தடவை முயன்றுவிட்டு, அந்த இடத்திலேயே உட்கார்ந்து அட்மினைப் பார்க்கும். அவருக்கு மூன்று வழி: மறுபடி முயலச் சொல்லலாம், அந்தப் படியை விட்டுவிட்டுப் போகச் சொல்லலாம், தவறு நேர்ந்ததாக அறிவித்துத் தடத்தில் எழுதியுள்ள பரிகாரத்தைத் தூண்டிவிடலாம். பரிகாரம் என்றால் நடந்ததை நடக்காததாக்குவது அல்ல. எடுத்த காசைத் திருப்பிப் போடுவது, ஒதுக்கிய சீட்டை விடுவிப்பது போன்ற எதிர்வேலைகள். பிபெல் எழுதியவர்கள் இதற்கென்று தனி இடமே ஒதுக்கியிருந்தார்கள். நல்ல அட்மின் எந்தப் பித்தானை அமுக்குவதற்கு முன்னும் வங்கிக்கு ஒரு ஃபோன் போட்டுவிடுவார். பதில் வரவில்லை என்பதால் காசு போகவில்லை என்று ஆகிவிடாது.

முடிந்த ஓட்டங்களோ தாமாகப் போவதில்லை. அழிக்கச் சொல்லி எழுதாவிட்டால் அவை தரவுத்தளத்திலேயே தங்கிவிடும். அலுமாரி நிறைந்து, தாழ்வாரத்தில் கோவை அடுக்கிய அரச அலுவலகத்தைப் போல ஒருநாள் எல்லாம் மெதுவாகும். அழிக்கவும் துணிச்சல் வராது. ஆறு மாதம் கழித்துக் கணக்காய்வாளர் வந்து 'இந்த அனுமதியை யார் கொடுத்தது' என்று கேட்பார். இதில் இன்னொரு பொறியும் உண்டு. ஒரு தடத்தை ஓய்வில் அனுப்பாமல் சேர்வரிலிருந்தே கழற்றினால் அதன் ஓட்டங்களும் கூடவே போய்விடும். ஓய்வு கொடுப்பதும் கழற்றுவதும் ஒன்றென்று நினைத்து அமுக்கிய புதிய அட்மினுக்கு அன்று தூக்கம் இருக்காது.

பழையதைக் கழற்றாமலே விட்டாலும் ஆபத்துதான். அதற்கு உலகம் காட்டும் உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. நைட் கேப்பிட்டல் என்ற பங்குத்தரகு நிறுவனம் 2003இலேயே கைவிட்ட ஒரு செயற்பாட்டின் நிரலை அழிக்காமல் வைத்திருந்தது. 2012 ஆகஸ்ட் முதலாம் திகதிக்காக எட்டு சேர்வர்களில் புதிய நிரல் ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள். எட்டாவது விடுபட்டுப்போனது, அதைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் என்று யாரும் இல்லை. போதாததற்குப் பழைய நிரலை எழுப்பப் பயன்பட்ட அதே குறியையே புதியதற்கும் எடுத்து வைத்திருந்தார்கள். சந்தை திறந்ததும் எட்டாவது சேர்வரில் ஒன்பது வருடமாகத் தூங்கியது விழித்துக்கொண்டு, கண்மண் தெரியாமல் வாங்கவும் விற்கவும் ஆரம்பித்தது. 45 நிமிடம். நட்டம் 46 கோடி டொலருக்கு மேல். அடுத்த வருடம் அந்த நிறுவனம் இன்னொன்றுடன் இணைந்துபோனது. பங்குச்சந்தை ஆணையம் 1 கோடியே 20 லட்சம் டொலர் அபராதமும் போட்டது.

கொட்டாஞ்சேனைப் பக்கம் திரும்பினால், சுங்கத் திணைக்களத்தின் அசிக்குடா முறைமை இதே வேலையை நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறது. ஐக்கிய நாடுகளின் அங்டாட் அமைப்பு 1980களில் மேற்கு ஆபிரிக்காவுக்காகத் தொடங்கி, பிறகு பல நாடுகளுக்குப் பரவிய மென்பொருள். வார்ஃப் கிளார்க் கையிலுள்ள ஒவ்வொரு பிரகடனமும் ஓர் ஓட்டம்: பதிவாகி, மதிப்பிடப்பட்டு, காசு கட்டி, வெளியேறும். நடுவில் கணினி அதற்கு ஒரு நிறம் கொடுக்கும். பச்சை என்றால் நேரே போகலாம், மஞ்சள் என்றால் பத்திரங்களைப் பார்ப்பார்கள், சிவப்பு என்றால் பெட்டியைத் திறப்பார்கள், நீலம் என்றால் இப்போது விட்டுவிட்டுப் பிறகு கணக்கைப் பார்ப்பார்கள். கிளார்க்குக்குத் தடம், பதிப்பு என்ற சொற்கள் தேவையில்லை. கப்பற்சிட்டையில் உள்ள திகதியைப் பார்த்தே இது பழைய சட்டமா புதிய சட்டமா என்று சொல்லிவிடுவார்.

பாம் குரோவ் பெட்டிக்கும் வயதாகிவிட்டது. பிபெலின் இரண்டாம் பதிப்பு 2007 ஏப்ரலில் உலகத் தரமாக அங்கீகாரம் பெற்றபோது இருந்த உற்சாகம் நாளடைவில் வடிந்தது. பெட்டியும் அம்பும் வரைந்து காட்டும் பிபிஎம்என் என்ற படமொழி கணினி தெரியாதவருக்கும் புரிந்ததால் மக்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். கொழும்புக்காரர்களும் தங்கள் சேர்வரில் அதற்கு இடம் கொடுத்தார்கள். 2017இல் பிஸ்னஸ் புரொசஸ் சேர்வர் தனிப் பெயரை இழந்து, என்டர்பிரைஸ் இன்டகிரேட்டர் என்ற பெரிய பொதிக்குள் ஒரு பகுதியாக அடங்கியது.

அதன் வயிற்றில் இருந்த ஓடிஈயும் ஓய்வு பெற்றுவிட்டது. கவனிக்க ஆளில்லாமற்போன திட்டங்களை வைப்பதற்கு அப்பாச்சி அறக்கட்டளை ஓர் இடம் வைத்திருக்கிறது. அதன் பெயர் அட்டிக், அதாவது பரண். ஓடிஈ இப்போது அங்கே இருக்கிறது. புதிய பதிப்பு வராது, பிழை திருத்தம் வராது. ஏற்கெனவே நிறுவியவர்கள் ஓட்டிக்கொள்ளத் தடையில்லை. நிரலை யாரும் இறக்கிப் பார்க்கலாம். அதற்கென்று ஒரு செப்டெம்பர் 14ஐ மட்டும் யாரும் குறித்துவைக்கவில்லை.